காவலுக்கு ஏழு பெண்கள்

தாராவிக் குடிசையில் வாழும் தமிழ்ப் பெண்ணுக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசல் எட்டாத உயரம். பெண், ஏழை, பட்டா இல்லாதவள், மராத்தி சரளமாக வராதவள். ஒரே ஆளுக்கு நான்கு தடைகள். 1992-93 மதக் கலவரத்தில் தாராவியும் எரிந்தது. மும்பையில் சுமார் 900 பேர் பலியானார்கள். போலீஸுக்கும் குடிசைவாசிகளுக்கும் இடையிலான அவநம்பிக்கை அப்பட்டமாகத் தெரிந்தது.

2004-ல் போலீஸ் கமிஷனர் ஏ.என். ராயும், கோலார் தங்கவயல் தமிழரான குடிசைவாசிகள் தலைவர் ஜோக்கின் அற்புதமும் (மறைவு: 2018) நகரில் ‘போலீஸ் பஞ்சாயத்து’களைத் தொடங்கினர். ஒவ்வொன்றிலும் குடிசைவாசிகள் பத்துப் பேர்: ஏழு பெண்கள், மூன்று ஆண்கள். குழாயடிச் சண்டையோ குடிகாரக் கணவனின் அடியோ, முற்றுமுன் தீர்ப்பது அவர்கள் பொறுப்பு.

அமைதி முயற்சிகளில் பெண்களுக்கு இடம் கேட்டு ஐ.நா. பாதுகாப்புச் சபை 1325-வது தீர்மானத்தை நிறைவேற்றியது 2000-ல். எந்தப் பெண்களுக்கு என்பதுதான் கேள்வி. சந்துக்குள் வசிப்பவளுக்கு என்பது மும்பை தந்த பதில்.