காற்றை அளக்கக் கற்பித்தல்

கட்டடங்களுக்குக் குளிர்ந்த, தூய காற்றை வழங்கும் அமைப்புக்கள் ஒரு காலத்தில் பட அரங்குகளுக்கும் பெரிய அலுவலகங்களுக்கும் மட்டுமே உரியனவாக இருந்தன. இன்று அறுவைக் கூடமும் மருந்துக் கிடங்கும் அவற்றை நம்பியே இயங்குகின்றன. மத்திய அரசு 2019 மார்ச்சில் வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல் திட்டம், பழுதுபார்ப்புத் துறையைச் சேர்ந்த 1,00,000 பணியாளருக்கு 2022-23க்குள் பயிற்சியும் சான்றும் அளிப்பதைத் தன் இலக்குகளுள் ஒன்றாகக் கொண்டது. குழாயைப் பற்றவைக்கவும் குளிர்பொருளை நிரப்பவும் கற்றவர் கிடைப்பது அரிதன்று. காற்றை அளந்து சீர்செய்ய வல்லவரைத் தேடித்தான் காணவேண்டியுள்ளது.

இயந்திரம் ஓடுகிறது, அறையும் குளிர்கிறது. ஆகவே யாவும் நலமே என்று மாணவர் எண்ணுவது இயல்பு. இவ்வெண்ணத்தை மாற்றக் காசநோயாளர் தங்கும் தனியறையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவ்வறையின் காற்றழுத்தம் தாழ்வாரத்தினுடையதைவிடக் குறைவாக இருத்தல் வேண்டும். அப்பொழுதுதான் காற்று தாழ்வாரத்திலிருந்து அறைக்குள் செல்லும். அறுவைக் கூடத்தில் முறை நேர்மாறானது. தனியறையில் வெளியேற்றும் விசிறி தளர்ந்து, உள்ளே வரும் காற்று மிகுந்துவிட்டால், கிருமி கலந்த காற்று கதவிடுக்கின் வழியே செவிலியர் நடமாடும் இடத்துக்கு வரும். குளிர்ச்சியில் மாற்றம் இராது, முறையிடுவாரும் இரார்.

மூடிய கதவின் அடியில் ஓர் ஊதுவத்தியைப் பிடித்தால் புகை செல்லும் திசை தெரியும். முதற் பாடத்திற்கு இது போதும். ஆயின் புகை திசையைக் காட்டுமேயன்றி அளவைக் காட்டாது. இத்தகைய அறைகளுக்குக் குறைந்த அளவாகக் கொள்ளப்படும் அழுத்த வேறுபாடு 2.5 பாஸ்கல், நீர்மட்டத்தில் கால் மில்லிமீட்டர்தான். நிமிர்ந்த நீர்க்குழாயில் இது கண்ணுக்குத் தெரியாது. சாய்குழாய் அழுத்தமானி வேண்டும். ஏன் சாய்க்கவேண்டும் என்பதை மாணவரே கூறும்வரை ஆசிரியர் காத்திருப்பது நன்று.

அடுத்தது கணக்கு. அறை 6 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உடையது எனின் அதன் கொள்ளளவு 90 கன மீட்டர். மணிக்கு 12 முறை காற்று மாறவேண்டுமாயின் 1,080 கன மீட்டர் வெளியேற வேண்டும். வெளியேற்றும் வாயின் நிகரத் திறப்பு 0.09 சதுர மீட்டர். அதன் முகத்தில் பல இடங்களில் காற்றுவேகமானியைப் பிடித்துச் சராசரி காண, நொடிக்கு 2 மீட்டர் கிடைக்கிறது என்க. அப்படியாயின் மணிக்குச் செல்வது 648 கன மீட்டரே. காற்று மாறுவது 7 முறைக்குச் சற்று மேல்.

விசிறியின் வேகத்தைக் கூட்டலாம் என்று மாணவர் உடனே கூறுவர். இங்குதான் கற்பித்தலின் பயன் வெளிப்படும். காற்றின் அளவு வேகத்திற்கு நேராக உயரும். வேண்டிய மின்திறனோ வேகத்தின் முப்படியாக உயரும். அளவை 1.67 மடங்காக்க மின்திறன் ஏறத்தாழ 4.6 மடங்கு ஆகவேண்டும். அதே மோட்டார் கருகிப்போகும். ஆகவே முதலில் காரணத்தைத் தேடவேண்டும்: பெல்ட் வழுக்குகிறதா, டாம்பர் பாதி மூடியுள்ளதா, குழாய் இணைப்பில் கசிவு உண்டா, வடிகட்டி அடைத்துள்ளதா? பெரும்பாலும் இவற்றுள் ஒன்றே குற்றவாளி. தனியறையின் வெளியேற்று வடிகட்டியைத் தொடுமுன் விசிறியை நிறுத்தி, உரிய சுவாசக் கவசம் அணிதல் வேண்டும் என்பதை இவ்விடத்திலேயே சொல்லிவிடவேண்டும். பாதுகாப்புப் பாடம் என்று தனியே ஒதுக்கிவைத்தால் அது மறந்துபோகும்.

ஒரே குழாயிலிருந்து பல அறைகளுக்குக் காற்று பிரியும்பொழுது வேறொரு சிக்கல் எழுகிறது. விசிறிக்கு அருகிலுள்ள வாய்க்கு வகுத்த அளவில் 130 சதவீதமும், கடைசி வாய்க்கு 70 சதவீதமும் செல்லலாம். புதியவர் அருகிலுள்ளதை 100க்குக் குறைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்வார். ஒன்றைத் திருகினால் மற்றவை யாவும் மாறுமாதலின், மாலைவரை திருகினாலும் வேலை முடியாது. விகிதம் மிகக் குறைந்த வாயின் டாம்பரை முழுதும் திறந்துவைத்து, மற்றவற்றை ஒவ்வொன்றாக அதே விகிதத்திற்குக் கொணர்ந்து, விசிறியின் வேகத்தை இறுதியில் அமைப்பதே முறை. அப்பொழுது மோட்டாரின் மின்னோட்டத்தையும் பார்க்கவேண்டும்.

ஈரத்தை அளத்தல் எளிது. சுழற்றும் ஈரமானியில் உலர்குமிழ் 24 டிகிரி செல்சியஸும் ஈரக்குமிழ் 17 டிகிரியும் காட்டினால் ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டியிருக்கும். ஈரக்குமிழ் 21 காட்டினால் 75 சதவீதத்தைக் கடந்துவிட்டது. வெப்பநிலை ஒன்றேயாயினும் பின்னதில் பூஞ்சை வளர இடமுண்டு. திரி தூயதாக இருக்கவேண்டும்; சுழற்சி நின்றவுடன் ஈரக்குமிழையே முதலில் படிக்கவேண்டும்.

இவற்றைக் கற்பிக்க முழுக் கட்டடம் தேவையில்லை. ஒரு விசிறி, தகரக் குழாய், டாம்பர் பொருத்திய மூன்று வாய்கள் ஆகியவற்றைப் பயிற்சி நிலையத்தின் பட்டறையிலேயே அமைத்துக்கொள்ளலாம். மாணவர் வருமுன் ஆசிரியர் அதில் ஒரு குறையை ஒளித்துவைப்பார். குறையைக் கண்டுபிடித்ததற்கு மட்டும் மதிப்பெண் அளித்தலாகாது. திருகு எதையும் தொடுமுன் எடுத்த அளவு, தொட்டபின் எடுத்த அளவு இரண்டும் தேதியுடன் தாளில் இருத்தல் வேண்டும். பணிக்குச் சென்றபின் அத்தகைய தாளின் படி ஒன்று இயந்திர அறையில் தொங்கவேண்டும். ஆறு மாதங்கழித்து வருபவர் தம் அளவை அதனோடு ஒப்பிட்டே வேலையைத் தொடங்குவார்.