சென்னையில் குறைந்த வாடகைக்கு வீடு: சந்தேகங்களும் விளக்கங்களும்

சென்னையில் கூலி வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் குடும்பங்களுக்கு வாடகை வீடு பிடிப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகி வருகிறது. வாடகையைச் சமாளிக்க முடிந்தவர்கள்கூட அட்வான்ஸைக் கேட்டதும் திரும்பிவிடுகிறார்கள். எதையும் எழுதி வாங்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு தவிப்பவர்களும் உண்டு. அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

புறநகருக்குப் போனால் உண்மையிலேயே பணம் மிச்சமாகுமா?

வாடகையோடு போக்குவரத்துச் செலவையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள். தாம்பரம்–செங்கல்பட்டு, ஆவடி–திருவள்ளூர் மின்சார ரயில் தடங்களில், நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு அமைந்தால் சீசன் டிக்கெட்டில் மாதம் ஓடிவிடும். தினமும் ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டிய இடமென்றால் மிச்சமெல்லாம் அதிலேயே கரைந்துவிடும். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். வேலைக்குப் போகும் பெண்கள் உள்ள வீட்டில், அந்தப் பேருந்துகள் வரும் சாலையையொட்டித் தேடுவது நல்லது. தனியாக வேலைக்கு வரும் பெண்கள் அரசின் 'தோழி' விடுதிகளிலும் விசாரிக்கலாம்.

புரோக்கரிடம் போகுமுன் தெருவில் இறங்கி நடந்து பாருங்கள். டு-லெட் பலகையும், மளிகைக் கடைக்காரரும், இஸ்திரி போடுபவரும் சொல்லும் வீட்டுக்குக் கமிஷன் கிடையாது.

ஹவுசிங் போர்டு குடியிருப்பில் குறைந்த வாடகைக்கு வீடு இருப்பதாகச் சொல்கிறார்கள். போகலாமா?

வேண்டாம். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற இடங்களில் கட்டிய வீடுகள், பயனாளிகள் குடியிருக்க ஒதுக்கப்பட்டவை. அவர்கள் அவற்றை உள்வாடகைக்கு விடுவது ஒதுக்கீட்டு விதிகளுக்கு எதிரானது. ஆய்வில் ஒதுக்கீடு ரத்தானால் உங்கள் அட்வான்ஸுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஆனால் இருதரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதினால் அதுவே செல்லும். பத்து மாதம் என்று கையெழுத்துப் போட்டபின் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. பேரம் பேச வேண்டியது அதற்கு முன்புதான். வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸை எப்போது, எதைக் கழித்துக்கொண்டு தருவார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் அதில் இருக்கட்டும்.

சின்ன வீடுதானே, அக்ரிமென்ட் எதற்கு?

வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். 11 மாத ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும். வீட்டுக்காரர் வர மறுத்தால் வாடகைதாரர் தனியாகவும் தகவல் அளிக்கலாம். மாத வாடகைக்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை. வங்கி அல்லது யுபிஐ வழியாகச் செலுத்தினால் அந்தப் பதிவும் சான்றாகும்.

கரன்ட் பில்லில் கவனிக்க வேண்டியது என்ன?

தனி மீட்டர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட் இலவசம். பல குடித்தனங்களுக்கு ஒரே இணைப்பு கொடுத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வசூலிக்கும் இடங்களில் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. வாடகை சில நூறு கூடினாலும் தனி மீட்டர் உள்ள வீடு லாபமாக இருக்கலாம்.

லீஸுக்குப் போனால் மாத வாடகை இல்லையே?

மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துக் குடியேறும் இந்த முறையில்தான் ஆபத்து அதிகம். வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, உரிமையாளர் தவணை கட்டாமல் விட்டால் வங்கி ஏலம் விடும். உங்கள் பணம் திரும்புவது கடினம். பணம் கொடுக்குமுன் வில்லங்கச் சான்று எடுங்கள். மூலப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். நகல் மட்டும் காட்டினால் அசல் எங்கே என்று கேளுங்கள். லீஸ் ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாமல் பணம் தர வேண்டாம்.

திடீரென்று காலி செய்யச் சொல்லித் தண்ணீரையும் கரன்டையும் நிறுத்தினால்?

தண்ணீர், மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகளை நிறுத்த உரிமையாளருக்கு உரிமை கிடையாது. வாடகை அதிகாரியிடம் முறையிட்டால், உடனடியாக இணைப்பைத் தரும்படி இடைக்கால உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. ஒப்பந்தக் காலம் முடியுமுன் உங்களை வெளியேற்ற, வாடகை பாக்கி போன்ற சட்டம் சொல்லும் காரணமும் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவும் தேவை. முறையிடும்போது ஒப்பந்தமும் ரசீதுகளும் கையில் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக நிற்கும். ஆகவே, அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேறு வீடு பாருங்கள்.