அந்தியில் சீழ்க்கையடிக்கும் வாத்து



கதிரவன் மறைந்து இருள் கவியும் வேளையில், தோட்டத்தை அடுத்துள்ள சதுப்பு நிலத்தின் ஓரமாக நின்று என்றேனும் செவி சாய்த்துக் கேட்டதுண்டா? தலைக்கு மேலே, "சீ...சிக், சீ...சிக்" என்று யாரோ மெல்லச் சீழ்க்கையடித்துக்கொண்டு போவது போன்ற ஓர் ஒலி எழும். அண்ணாந்து பார்த்தால் ஆளைக் காண முடியாது. இரவில் சீழ்க்கையடித்தால் பாம்பு வரும் என்று நம் பாட்டிமார் கண்டிப்பது வழக்கம். அக்கண்டிப்புக்குச் சற்றும் அஞ்சாமல் நாள்தோறும் இரவில் சீழ்க்கையடித்துத் திரியும் ஒருவர் நம் அண்டை வீட்டில் குடியிருக்கிறார். அவரே சீழ்க்கைச் சிறகி எனப்படும் காட்டு வாத்து. மலாய் மொழியில் இதனைப் 'பெலிபிஸ்' என்பர்.

இப்பறவையைப் பற்றி இம்மலரில் எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு ஒரு நாள் காலையில் நம் மாணவர் இருவர் ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வகுப்பறைக்கு வந்தனர். பெட்டிக்குள் கறுப்பும் வெள்ளையும் கலந்த ஐந்து வாத்துக் குஞ்சுகள் இருந்தன. குட்டையோரத்தில் தாயில்லாமல் தவித்துக்கொண்டிருந்தன என்றும், இரக்கப்பட்டு எடுத்து வந்ததாகவும் அவர்கள் கூறினர். நாமும் அவர்களைப் பாராட்டினோம். குஞ்சுகளுக்குச் சோறும் தண்ணீரும் வைத்தோம். மூன்றாம் நாள் காலையில் ஐந்தும் இறந்து கிடந்தன. அம்மாணவர்கள் அழுதனர். நாம் செய்தது அன்பினால் விளைந்த பிழை. அறிவு துணை நில்லாத அன்பு தீங்காகவும் முடியலாம் என்பதை அன்று உணர்ந்தோம். இத்தகைய பிழை மீண்டும் நேராதிருக்க வேண்டுமானால், இப்பறவையின் வாழ்க்கையை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

தோற்றமும் பெயரும்

சீழ்க்கைச் சிறகி சிறிய வாத்தாகும். அலகிலிருந்து வால் வரை ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளமும், ஏறத்தாழ அரைக் கிலோகிராம் எடையும் கொண்டது. நாம் வீட்டில் வளர்க்கும் வாத்தின் எடையில் பாதிகூட இராது. உடல் செம்பழுப்பு நிறமானது. தலையும் கழுத்தும் வெளிறிய பழுப்பு. உச்சந்தலை மட்டும் தொப்பி கவிழ்த்தாற்போல் கருமையாயிருக்கும். கண்ணைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம் ஒன்று உண்டு. கழுத்தும் கால்களும் சற்று நீண்டவை. ஆதலால் கரையில் நிற்கும்போது வீட்டு வாத்தைப்போல் குனிந்து அசைந்து நிற்காமல், நிமிர்ந்து நிற்கும். சேவலுக்கும் பெட்டைக்கும் நிறத்தில் வேறுபாடு இல்லை. பார்த்த மாத்திரத்தில் இது ஆண், இது பெண் என்று கூறுதல் இயலாது.

நம் வீட்டு வாத்து இதனிடமிருந்து வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. வீட்டு வாத்தின் முன்னோர், வடநாடுகளில் வாழும் பச்சைத் தலைக் காட்டு வாத்தாகும். நம்மவர் 'செராத்தி' என்றழைக்கும் பெரிய வாத்தோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சீழ்க்கைச் சிறகியே இம்மண்ணுக்கு உரியது. பாகிஸ்தான், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகள் தொடங்கி, மியன்மார், தாய்லாந்து, வியட்நாம், தென்சீனம், மலேசியா, சிங்கப்பூர், சுமத்ரா, ஜாவா, போர்னியோ வரையில் இது பரவியுள்ளது. தமிழ்நாட்டு ஏரிகளிலும் கண்மாய்களிலும் இதே பறவை வாழ்கிறது. கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த நம் முன்னோர், தங்கள் ஊர்க் கண்மாயில் கேட்ட அதே சீழ்க்கையை இங்கும் கேட்டிருக்கக்கூடும்.

தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு என்னும் மருத்துவர் ஜாவாத் தீவில் கண்ட இப்பறவையைப் பற்றி 1821ஆம் ஆண்டில் எழுதி, அறிவியலுலகிற்கு அறிமுகப்படுத்தினார். இதன் அறிவியற்பெயர் 'டென்ட்ரோசிக்னா ஜாவானிக்கா' என்பதாகும். முதற்சொல்லின் பொருள் 'மர அன்னம்'. இரண்டாம் சொல் ஜாவாவைச் சுட்டுவது. நீரில் வாழும் பறவைக்கு மரத்தின் பெயர் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அதற்கு விடையைப் பின்னர்க் காண்போம்.

பகலில் உறக்கம், இரவில் உழைப்பு

நாம் வேலைக்கும் பள்ளிக்கும் செல்லும் நேரத்தில் இப்பறவைகள் ஓய்வெடுக்கும். கோரையும் தாமரையும் அடர்ந்த குட்டையின் நடுவிலோ, கரையோரப் புற்களிலோ, நீரின்மேல் சாய்ந்த மரக்கிளையிலோ கூட்டமாக அமர்ந்திருக்கும். பொழுது சாய்ந்ததும் சிறு சிறு கூட்டங்களாக எழுந்து, இரை தேடப் புறப்படும். பறக்கும்போதுதான் அவை சீழ்க்கை ஒலியை மிகுதியாக எழுப்பும். இருட்டில் ஒன்றையொன்று பிரியாமல் செல்வதற்கு அவ்வொலி உதவுகிறது. அது போதாதென்று, அகன்ற சிறகுகளை வேகமாக அடிக்கும்போது சிறகுகளிலிருந்தும் ஒருவகை இரைச்சல் எழும்.

இவற்றின் உணவில் பெரும்பகுதி தாவரமே. நீர்ச்செடிகளின் விதைகள், தளிர்கள், சிந்திய நெல்மணிகள் ஆகியவற்றைத் தின்னும். நத்தை, புழு, சிறு மீன், தவளை முதலியவற்றையும் உண்ணும். மேற்பரப்பில் அலகால் துழாவுவதோடு நில்லாமல், நீருள் மூழ்கியும் இரை தேடும். அலகின் உட்புற ஓரங்களில் சீப்பின் பற்களைப் போன்ற நுண்ணிய தகடுகள் வரிசையாக உள்ளன. நீரையும் சேற்றையும் வாயில் வாங்கி, நீரை வெளியேற்றி, இரையை மட்டும் நிறுத்திக்கொள்ள அவை பயன்படுகின்றன. நம் அன்னையர் அரிசி களைந்து நீரை வடிக்கும் முறையை இதற்கு ஒப்பிடலாம்.

நீரிலேயே கிடந்தும் இவற்றின் உடல் நனைவதில்லை. வாலின் அடியில் எண்ணெய் சுரக்கும் சுரப்பி ஒன்று உண்டு. அவ்வெண்ணெயை அலகால் எடுத்து இறகெங்கும் பூசிக்கொள்ளும். சேம்பிலையில் நீர் ஒட்டாமல் உருண்டோடுவதுபோல் இறகின்மேல் விழும் நீரும் உருண்டோடிவிடும். ஆயினும் ஆண்டுக்கொரு முறை, பறப்பதற்கான இறகுகளை ஒரே காலத்தில் உதிர்க்க வேண்டிய நிலை இவற்றுக்கு ஏற்படும். புதிய இறகு முளைக்கும் வரை பறக்க இயலாது. அந்நாள்களில் கோரைப் புதர்களே இவற்றுக்கு அரண்.

மரத்தில் பிறக்கும் நீர்ப்பறவை

இனி, 'மர அன்னம்' என்ற பெயரின் விளக்கத்திற்கு வருவோம். சீழ்க்கைச் சிறகி பெரும்பாலும் மரப் பொந்துகளில் முட்டையிடும். பொந்து கிடைக்காவிடில், கிளைக் கவட்டில் காக்கையோ நாரையோ கைவிட்டுப்போன பழைய கூட்டைப் பயன்படுத்திக்கொள்ளும். அதுவும் இல்லையெனில், நீரோரக் கோரைகளுக்கிடையே தரையிலும் கூடு அமைக்கும். பல வாத்து இனங்கள் தம் மார்புத் தூவியைப் பிடுங்கிக் கூட்டினுள் மெத்தைபோல் பரப்பும். இப்பறவைக்கு அவ்வழக்கமில்லை.

ஒரு முறைக்கு 7 முதல் 12 வரை வெண்ணிற முட்டைகள் இடும். அவை பொரிக்க ஏறத்தாழ 22 முதல் 24 நாள்கள் ஆகும். இங்கே நாம் கவனிக்கத்தக்க சிறப்பு ஒன்று உண்டு. பச்சைத் தலைக் காட்டு வாத்தினத்தில், பெட்டை அடைகாக்கத் தொடங்கியதும் சேவல் விலகிச் சென்றுவிடும். குஞ்சுகளை வளர்க்கும் சுமை முழுவதும் தாயைச் சேரும். சீழ்க்கைச் சிறகியிலோ தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். இருவரும் சேர்ந்தே குஞ்சுகளைக் காத்து வளர்க்கும். கணவனும் மனைவியும் ஒருங்கே உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கும் நம் தோட்டக் குடும்பங்களை இது நினைவூட்டவில்லையா?

குஞ்சுகள் கோழிக்குஞ்சுகளைப்போலப் பொரித்தவுடனேயே கண் திறந்து நடமாடவல்லவை. ஆனால் அவை பிறந்ததோ மரத்தின் மேலே; உணவு இருப்பதோ கீழே நீரில். சிறகு முளைக்காத குஞ்சு எவ்வாறு இறங்கும்? பெற்றோர் கீழேயிருந்து அழைக்க, குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் துணிந்து குதிக்கும். எடை மிகக் குறைவு; உடலெங்கும் பஞ்சு போன்ற தூவி. ஆதலால் விழுந்தாலும் பொதுவாகக் காயமின்றி எழுந்து பெற்றோரைப் பின்தொடரும். பின்னர்க் குடும்பம் முழுவதும் வரிசையாக நடந்து குட்டையைச் சேரும்.

குஞ்சுகள் தாமே இரையைக் கொத்தித் தின்னும். எனினும் எங்கே தின்பது, எப்போது ஒளிந்துகொள்வது என்பதைப் பெற்றோரே காட்டித்தர வேண்டும். இரவின் குளிரில் பெற்றோரின் சிறகு அவற்றுக்குப் போர்வையாகும். வளர்வதற்குப் பூச்சி, புழு போன்ற சிற்றுயிர்கள் உணவாகக் கிடைக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் இவற்றுள் எது இருந்தது? போர்வையும் இல்லை, தக்க உணவும் இல்லை. வெறும் சோறு மட்டுமே இருந்தது. அந்த ஐந்து குஞ்சுகளும் அனாதைகள் அல்ல என்பதே உண்மையாயிருக்க வேண்டும். மனிதரைக் கண்டு அஞ்சிய பெற்றோர், அருகிலிருந்த கோரையில் மறைந்து நின்றிருக்கும். நாம் மீட்டதாக எண்ணினோம், உண்மையில் பிரித்துவிட்டோம்.

கைவிட்ட குட்டை கண்ட புதுவாழ்வு

நெல் வயல், ஏரி, சதுப்பு, தாமரைக் குட்டை ஆகியன இப்பறவையின் உறைவிடங்கள். பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்கள் பெருகியிருந்தன. 1985ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை வீழ்ந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மண்ணைத் தோண்டியெடுத்த பள்ளங்களில் நீர் நிறைந்து ஈயக் குட்டைகளாயின. பயனற்ற நிலம் என்று மனிதர் அவற்றைக் கைவிட்டனர். நாளடைவில் கரையில் புல்லும் கோரையும் மரமும் வளர்ந்தன. கொக்கும் நாரையும் சிறகியும் குடியேறின. இன்று பத்து காஜா வட்டாரத்துக் குட்டைகள் பறவைகளுக்குப் பேர்பெற்றவை. சிலாங்கூரில், முன்பு ஈயம் எடுத்த நிலமே பாயா இண்டா என்னும் ஈரநிலப் பூங்காவாக மாறியுள்ளது. சிங்கப்பூரில், கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் கரையிலுள்ள சதுப்பு நிலம் 2016ஆம் ஆண்டு மக்கள் காணத் திறந்துவிடப்பட்டது. அங்கும் இப்பறவையைக் காணலாம்.

உலக அளவில் இவ்வினம் அழிவின் விளிம்பில் இல்லை. அதனால் கவலையின்றி இருந்துவிடலாமா? இதற்கு வேண்டியவை இரண்டு: இரை தேட நீர்நிலை, முட்டையிடப் பழைய மரம். செம்பனையோ 25, 30 ஆண்டுகளில் வெட்டிச் சாய்க்கப்பட்டு மறுநடவு செய்யப்படுகிறது. எனவே பொந்துள்ள முதிய மரங்கள் குட்டையோரத்திலும் ஆற்றோரத்திலும்தான் எஞ்சி நிற்கின்றன. 'வீணாகக் கிடக்கிறது' என்று குட்டையைத் தூர்த்தாலும், 'பட்டுப்போனது' என்று மரத்தை வெட்டினாலும் இப்பறவை அவ்விடத்தை விட்டு நீங்க நேரிடும். நமக்கு வீண் எனத் தோன்றுவது மற்றோர் உயிருக்கு வீடாகும்.

நாம் செய்யக்கூடியவை

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. குஞ்சுகளைத் தனியே கண்டால் எடுத்துச் செல்லாதீர்கள். சாலையில் இருந்தால், பெரியவர் ஒருவரின் துணையோடு அருகிலுள்ள நீரோரப் புல்லில் விட்டுவிட்டு, உடனே விலகிச் செல்லுங்கள். நாம் அகன்றால்தான் பெற்றோர் திரும்பி வரும். கூட்டிலிருக்கும் முட்டையைத் தொடாதீர்கள். கவண் கொண்டு பறவைகளை அடிக்காதீர்கள். தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட உயிரினங்களை உரிமமின்றிப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றமாகும்.

தோட்டத்தில் மருந்து தெளிக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி இந்நாட்டில் 2020ஆம் ஆண்டு முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஏனைய மருந்துகளும் நஞ்சே. மருந்துக் கலன்களைக் குட்டையிலோ வாய்க்காலிலோ கழுவ வேண்டாம். அந்நீரில் வாழும் பறவைக்கும் மீனுக்கும் மட்டுமன்றி, அங்கே தூண்டில் போடும் நம் குடும்பத்தாருக்கும் அது கேடாகும்.

மாணவர்களுக்கு மற்றுமோர் எச்சரிக்கை. ஈயக் குட்டைகள் திடீரென ஆழம் மிகுந்தவை. கரை சரியும் இயல்புடையது. பறவை பார்க்கும் ஆவலில் தனியே செல்லாதீர்கள். அப்பாவையோ அண்ணனையோ துணைக்கு அழைத்துக்கொண்டு, கரையிலிருந்து எட்டி நின்றே பாருங்கள்.

அட்டைப் பெட்டியோடு வந்த அம்மாணவர் இருவரும் அதன் பின்னர் ஒரு நாள், தந்தையருடன் குட்டைப் பக்கம் சென்று வந்தனர். வகுப்பில் எழுந்து நின்று, தாயும் தந்தையும் முன்னும் பின்னுமாக நீந்த, நடுவே ஒன்பது குஞ்சுகள் சென்றதைக் கண்டதாகக் கூறினர். "எண்ணிப் பார்த்தோம் ஐயா, தொடவில்லை" என்று அவர்கள் சொன்ன சொல் இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது.

இன்று மாலை விளக்கேற்றும் நேரத்தில் சற்று வெளியே வந்து நின்று கேளுங்கள். அந்தச் சீழ்க்கை உங்கள் செவியில் விழுமானால், உங்கள் ஊரில் இன்னும் ஒரு குட்டையும் ஒரு முதிய மரமும் உயிரோடு இருக்கின்றன என்று அறிந்து மகிழுங்கள். அவற்றைக் காத்து, அடுத்து வரும் தம்பி தங்கையரும் அவ்வொலியைக் கேட்கச் செய்வோமாக!