திராட்சையும் புளியும் மட்டும் வேண்டாம்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன். நாம் பழம் நறுக்கும்போது காலடியில் வந்து உட்கார்ந்து முகத்தையே பார்க்கும் நாய்க்கு ஒரு துண்டு போடாமல் இருக்க மனம் வராது. போடலாம். எதைப் போடுகிறோம் என்று தெரிந்திருந்தால் போதும்.

வாழைப்பழம், பப்பாளி, தர்பூசணி, ஆப்பிள், கொய்யா, மாம்பழம் ஆகியவற்றின் சதை நாய்க்கு ஒத்துக்கொள்ளும். விதையையும் கொட்டையையும் எடுத்துவிட வேண்டும். ஆப்பிள் விதையை மென்றால் சயனைடு வெளியாகும். ஒன்றிரண்டு விதையால் கெடுதல் இல்லை, ஆனாலும் நடுப்பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள். மாங்கொட்டையைச் சப்பட்டும் என்று போடுகிறோம். வழுக்கி உள்ளே போய்க் குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான் வழி.

திராட்சை விஷயம் வேறு. பச்சை, கறுப்பு, விதையில்லாதது, உலர்ந்தது எதுவானாலும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இத்தனை பழம் வரை பரவாயில்லை என்று கணக்கே கிடையாது. ஒரு நாய் தாங்குவதை இன்னொரு நாய் தாங்காது. காரணம் வெகுகாலம் பிடிபடவில்லை. டார்டாரிக் அமிலத்தின் உப்பு கலந்து வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்கும் இதே பாதிப்பு வந்ததைக் கண்ட அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள், திராட்சையிலும் அந்த அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021-ல் எழுதினார்கள். புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதானது. புளிக்குப் புளிப்பைத் தருவதும் முக்கியமாக அதே அமிலம்தான்.

இப்போது நம் சமையலறையை நினைத்துப் பாருங்கள். பாயசத்திலும் கேசரியிலும் உலர் திராட்சை. எட்டும் உயரத்தில் புளி டப்பா. ராத்திரி மீந்த புளிசாதம். பழத்தட்டைவிட இவற்றில்தான் ஆபத்து அதிகம். திராட்சை உலர்ந்தால் நீர் போய், நச்சு அடர்ந்துவிடும்.

தின்றுவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். முதல் நாளில் வாந்தியும் சோர்வும் வரலாம். இரண்டு மூன்று நாளில் சிறுநீர் குறைந்து, நின்றேகூடப் போகலாம். தின்ற சற்று நேரத்துக்குள் கொண்டுபோனால் மருத்துவர் வாந்தி எடுக்கவைத்து வெளியேற்றிவிட முடியும். வீட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அதுவே விஷமாகும்.

நல்ல பழமானாலும் நாளுக்கு இரண்டு மூன்று சிறு துண்டு போதும். சர்க்கரை நோய் உள்ள நாய்க்கு மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். இன்றைக்கே அந்தப் புளி டப்பாவையும் திராட்சைப் பொட்டலத்தையும் மேல்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.