பட்டனை அழுத்தியாச்சு, அட்டை மாறிடுச்சா?



வீரபாண்டியன்பட்டினம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். உறுப்பினர் ஒருவர் வருத்தத்தோடு சொன்னாங்க: "மருமக பேரைச் சேர்க்கச் சொல்லி ஆறு மாசத்துக்கு முன்னாடியே மகன் செல்போன்ல போட்டுட்டான். ரேஷன் கடையில இன்னும் மூணு பேருன்னுதான் வருது." குறிப்பு எண் இருக்கான்னு கேட்டோம். அப்படி ஒண்ணு உண்டுன்னே அவங்களுக்குத் தெரியலை. மகனிடம் விசாரிச்சா, "பட்டனை அழுத்தினேன், வட்டமாச் சுத்திக்கிட்டே இருந்தது, மூடிட்டேன்" என்கிறார்.

நம்ம உறுப்பினர்கள் பலருக்கும் இதே குழப்பம் இருப்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறோம்.

தமிழ்நாட்டில் 2017 முதல் பழைய புத்தக அட்டைக்குப் பதிலாக ஸ்மார்ட் கார்டு கொடுத்தார்கள். நம்ம குடும்பத்தின் உண்மையான பதிவு கையில் இருக்கும் கார்டில் இல்லை. துறையின் பெரிய கணினியில் இருக்கிறது. அதற்குத்தான் சர்வர் என்று பெயர். கடையில் பில் போடும் கருவியும் அந்தப் பதிவைத்தான் பார்க்கிறது. 2023-ல் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கியபோதும் குடும்ப அட்டையைத்தான் அடிப்படையாக வைத்தார்கள். பதிவில் தப்பு இருந்தால் எங்கெல்லாம் இடிக்கும் பாருங்க.

இணையதளத்தில் நாம் எழுதுவது, அனுப்பும் வரைக்கும் நம்ம போனில்தான் நிற்கும். பட்டனை அழுத்தினதும் எந்த அட்டை, என்ன மாற்றம், என்ன ஆவணம் என்று எல்லாம் ஒரே கட்டாகச் சர்வருக்குப் போகும். சர்வர் அப்படியே வாங்கிக்கொள்ளாது. ஓடிபி போட்டு உள்ளே வந்தவர்தானா, கட்டங்கள் நிரம்பியிருக்கா, ஆவணப் படம் அளவுக்கு மேல் பெரிசா, அந்த ஆதார் எண் வேற அட்டையில் இருக்கா என்று பார்க்கும். சரியாக இருந்தால்தான் குறிப்பு எண் தரும். வங்கியில் பணம் கட்டினதுக்கு ரசீது மாதிரி அது.

சிக்னல் போய் வட்டம் சுத்தினால் ரெண்டு விதமா நடந்திருக்கலாம். கட்டு போகவே இல்லாமல் இருக்கலாம். அல்லது கட்டு போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். திரையைப் பார்த்து ரெண்டில் எது என்று சொல்ல முடியாது. அதனால் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீங்க. சில தளங்கள் இரண்டாவது விண்ணப்பத்தை அடையாளம் கண்டு தள்ளிவிடும், சிலது இரண்டையும் பதிந்துகொள்ளும். முதலில் குறுஞ்செய்தி வந்திருக்கா என்று பாருங்க. வரலைன்னா மறுபடி உள்ளே போய், விண்ணப்பம் பதிவாகியிருக்கா என்று பார்த்துவிட்டு அனுப்புங்க.

இன்னொண்ணு. சில படிவங்கள் நாம் மாற்றினதை மட்டும் அனுப்பும். சிலது முழுப் பக்கத்தையும் அனுப்பி, பழைய பதிவு மேலேயே எழுதிவிடும். கை பட்டு ஒரு கட்டம் காலியாகிப் போனால் அதுவும் காலியாகவே போகும். அழுத்துவதற்கு முன் மேலிருந்து கீழ் வரை ஒருமுறை படிச்சுப் பாருங்க. படிக்கச் சிரமப்படுகிறவங்க பக்கத்தில் ஒருத்தரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்க, அதில் வெட்கம் ஒண்ணும் இல்லை. ஓடிபியை மட்டும் போனில் கேட்கிற யாருக்கும் சொல்லாதீங்க.

குறிப்பு எண் வந்தாலும் அது கோரிக்கை சேர்ந்ததுக்குத்தான் அடையாளம். அதிகாரிகள் ஆவணத்தைச் சரிபார்த்து ஒப்புதல் தந்த பிறகே அட்டை மாறும். நிராகரித்தால் காரணத்தையும் பாருங்க. போனில் முடியாதவர்கள் இ-சேவை மையத்தில் கொடுக்கலாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எழுந்து வராதீங்க.

அந்த அம்மாவுக்கு எங்க முன்னாலேயே மறுபடி போட்டுப் பார்த்தோம். ஏற்கலை. மருமகள் பேர் பிறந்த வீட்டு அட்டையில் இன்னும் இருந்தது! அங்கே நீக்கிய பிறகு மூன்றாம் முறை அனுப்பினார்கள். இந்த முறை வந்த எண்ணைக் குழுவின் ஊக்குநர் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.