‘மெர்சி’ என்றால் ‘போதும்’: பிரெஞ்சுக் குடும்பத்தில் ஒரு விடுமுறை வாரம்

பள்ளி மாணவர் ஒருவர் விடுமுறையில் வெளிநாட்டுக் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கி, அவர்களோடு உண்டு, பேசிப் பழகி, மொழியைக் கற்றுத் திரும்புவது ஐரோப்பாவில் பல தலைமுறைகளாக நடந்துவரும் கல்விமுறை. இரண்டு உலகப் போர்களில் எதிரெதிராக நின்ற பிரான்சும் ஜெர்மனியும் 1963 ஜனவரி 22 அன்று எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதே ஆண்டில் இரு நாட்டு இளைஞர்களுக்கென ஒரு கூட்டு அலுவலகத்தையும் தொடங்கின. அதன் திட்டங்களில் இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் பங்கேற்றிருக்கிறார்கள். போரிட்டவர்களின் பேரப்பிள்ளைகளை ஒரே சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தால் பகை குறையும் என்று அந்நாடுகள் நம்பின.

நம் மாணவர்களில் மிகச் சிலருக்கே இந்த வாய்ப்பு கிடைக்கிறது. ஆனால் கதவு முற்றிலும் மூடியிருக்கவில்லை. தமிழ்நாட்டின் கனவு ஆசிரியர்கள் 2024 அக்டோபரில் பிரான்ஸ் சென்றுவந்ததை வாசகர்கள் அறிவார்கள். அரசுப் பள்ளி மாணவர்களும் கல்விச் சுற்றுலாவாக வெளிநாடு செல்லத் தொடங்கியிருக்கிறார்கள். சுற்றுலாவில் விடுதியும் வழிகாட்டியும் உண்டு. ஒரு வீட்டில் தங்கும்போது மாணவர் தனியாகத்தான் பேச வேண்டும், தனியாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கு என்ன ஆயத்தம் தேவை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் வசிக்கிறேன். பள்ளியில் பிரெஞ்சு கற்பிக்கிறேன். என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கடிதத் தோழி ஒருத்தியின் அழைப்பின்பேரில், 2023 அக்டோபர் இறுதியில் நாந்த் நகருக்கு அருகிலுள்ள சிற்றூரில் ஒரு வாரம் தங்கித் திரும்பினாள். அவளுடைய அனுபவத்தை வைத்தே விளக்குகிறேன்.

ஏன் அக்டோபர் இறுதி?

பிரெஞ்சுப் பள்ளிகளில் ஏறத்தாழ ஏழு வாரப் படிப்புக்கு இரண்டு வார விடுமுறை என்பது பொதுவான அமைப்பு. அக்டோபர் இறுதியில் வருவது புனிதர் அனைவர் திருநாள் விடுமுறை. அதுவும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் பிரான்ஸ் முழுவதும் ஒரே தேதிகளில் வரும. குளிர்கால, வசந்தகால விடுமுறைகள் அப்படியல்ல. நாடு அ, ஆ, இ என்பதுபோல் மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தேதிகள் மாறும். பயணத் தேதியை முடிவுசெய்யும் முன் அந்த ஊர் எந்த மண்டலம் என்று பார்ப்பது முதல் வேலை.

இன்னொன்று கடிகாரம். கோடையில் பிரான்ஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள். வித்தியாசம் நாலரை மணி நேரமாகிவிடும். என் மாணவி சனிக்கிழமை போய்ச் சேர்ந்தாள். அன்று இரவு உணவு முடிந்து அவள் பேசியபோது இங்கே பதினொன்றரை மணி. மறுநாள் அதே நேரத்துக்குக் காத்திருந்த அவள் அம்மா, அழைப்பு வராமல் பயந்துபோய் எனக்குப் போன் செய்தார். "டீச்சர், பிள்ளை இன்னும் பேசலை. நேத்து இந்நேரத்துக்குப் பேசிட்டா." கடிகாரம் மாறியதைச் சொன்ன பிறகுதான் அவர் குரல் தணிந்தது. பெற்றோருக்குத் தரும் தாளில் இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுவது நல்லது.

சாப்பாட்டு மேசையில் நடப்பது

திங்கட்கிழமை மாணவியே பேசினாள். "மிஸ், எல்லாரும் நல்லா பாத்துக்கிறாங்க. ஆனா பசிக்குது. அவங்க ஒரு தடவைதான் கேக்குறாங்க."

நடந்தது இதுதான். தட்டு காலியானதும் அந்த வீட்டு அம்மா, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். இவள் சிரித்துக்கொண்டே ‘மெர்சி’ என்றிருக்கிறாள். பாடநூலில் அந்தச் சொல்லுக்கு நன்றி என்று பொருள். சாப்பாட்டு மேசையிலோ, உணவைக் காட்டிக் கேட்கும்போது வெறுமனே ‘மெர்சி’ என்றால் பெரும்பாலும் ‘வேண்டாம், நன்றி’ என்றே எடுத்துக்கொள்வார்கள். பாத்திரம் அடுத்தவருக்குப் போய்விட்டது. வேண்டுமென்றால் ‘வுய், சில் வூ ப்ளே’, அதாவது ‘ஆமாம், தயவுசெய்து’ என்று சொல்ல வேண்டும்.

இது ஒரு சொல்லின் பிரச்சினை மட்டுமன்று. நம் வீடுகளில் முதல் முறை கேட்டதும் ‘வேணும்’ என்று சொல்லும் குழந்தையை நாம் பாராட்டுவதில்லை. ‘போதும் அத்தை’ என்று சொல்ல வேண்டும். அத்தை அதைக் கேளாததுபோல் இன்னொரு கரண்டி வைக்க வேண்டும். மறுப்பது விருந்தாளியின் பண்பு, வற்புறுத்துவது வீட்டாரின் அன்பு. பிரெஞ்சுக் குடும்பத்தில் விருந்தாளியின் சொல்லை அப்படியே ஏற்பதுதான் மரியாதை. ‘வேண்டாம்’ என்றவரை வற்புறுத்துவது அவரை நம்பாததுபோல் ஆகும். இரு பக்கமும் அன்பு இருந்தும், நடுவில் ஒரு குழந்தை இரண்டு நாள் அரை வயிற்றோடு தூங்கியது.

மாணவிக்கு நான் சொன்னது ஒன்றுதான்: "வேணும்னா வேணும்னு சொல்லு. அது அங்கே மரியாதைக் குறைவு இல்லை." அன்றிரவே அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மேசையின் மற்ற வழக்கங்களையும் முன்னரே சொல்லிக்கொடுக்கலாம். எல்லாரும் அமர்ந்து, வீட்டார் தொடங்கிய பிறகே சாப்பிட வேண்டும். கைகளை மடியில் வைக்காமல் மணிக்கட்டு மேசைமேல் தெரியும்படி வைப்பது அங்கே நாகரிகம். ரொட்டியைத் தட்டின் பக்கத்தில், மேசை மீதே வைப்பார்கள். உணவு ஒன்றன்பின் ஒன்றாக வரும்: தொடக்க உணவு, முதன்மை உணவு, பாலாடைக்கட்டி, இனிப்பு. முதல் தட்டிலேயே வயிற்றை நிரப்பிவிடக் கூடாது. அதுதான் சாப்பாடு என்று நினைத்து ஏமாறவும் கூடாது. இரவு உணவு எட்டு மணி அளவில் தொடங்கி நீளும், ஏனெனில் பேச்சும் அதில் ஒரு பகுதி. சைவம், மாட்டிறைச்சி தவிர்ப்பது போன்றவற்றைக் கூச்சமின்றிக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். தட்டின் முன் சொல்வதைவிட அது இருவருக்கும் எளிது.

நீயா, நீங்களா?

தமிழில் ‘நீ’, ‘நீங்கள்’ இருப்பதுபோல் பிரெஞ்சில் ‘தூ’, ‘வூ’ உண்டு. இது நம் மாணவர்களுக்குப் பெரிய வசதி. ஆங்கிலம் மட்டும் அறிந்த குழந்தைக்கு இந்த வேறுபாடே புதிது. ஆனால் எல்லை வேறு. நம்மூரில் தோழியின் அம்மாவை ‘நீ’ என்றால் அறை விழும். அங்கே அந்த அம்மாவே ‘என்னைத் தூ என்றே சொல், பெயரைச் சொல்லிக் கூப்பிடு’ என்று கேட்கக்கூடும். அத்தை, மாமா என்று அழைக்க அங்கே வழி இல்லை. ‘வூ’வில் தொடங்கி, அவர்கள் சொன்னால் மாறிக்கொள்வது பாதுகாப்பான விதி.

கடைக்குள் நுழைந்தாலும் பேருந்தில் ஏறினாலும் முதலில் ‘போன்ழூர்’ சொல்ல வேண்டும். அது இல்லாமல் நேரே விலை கேட்பது முரட்டுத்தனமாகத் தோன்றும். கன்னத்தோடு கன்னம் வைத்து வரவேற்கும் வழக்கம் பிடிக்காத மாணவர், சிரித்தபடி முதலில் கையை நீட்டிவிட்டால் போதும்.

பரிசு கொண்டுபோகும்போதும் கவனம் வேண்டும். பால், இறைச்சிப் பொருள்களை வெளியிலிருந்து பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை உள்ளது. ஆகவே பால்கோவா வேண்டாம். என் மாணவி திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை ஒன்றைக் கொண்டுபோனாள். உடையாது, எடை இல்லை, புவிசார் குறியீடும் பெற்றது. அங்கே பூ வாங்கிக் கொடுப்பதானால் சாமந்தியைத் தவிர்க்க வேண்டும். நமக்கு அது மாலைக்கும் பூசைக்கும் உரிய பூ. பிரான்சில் நவம்பர் 1 அன்று கல்லறைகளில் வைக்கும் பூ அது.

நம் ஊரைச் சொல்லத் தெரிய வேண்டும்

அந்த நவம்பர் 1 நமக்கும் முக்கியமான நாள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்று முழுமை பெற்றது. ஆக, புதுச்சேரி மாணவி ஒருத்தி பிரெஞ்சுக் குடும்பத்தோடு கல்லறைக்குப் போய்வந்த அதே நாள், அவள் ஊரில் விடுதலை நாள்.

புறப்படும் முன் தன் ஊரைப் பற்றிப் பத்து வாக்கியங்களைப் பிரெஞ்சில் எழுதி மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். இந்தத் தேதிகளும் அதில் இருந்தன. அன்று மாலை மேசையில் அவள் அதைச் சொன்னாள். கொஞ்சம் அமைதி. பிறகு தோழியின் அப்பா கேட்டாராம்: "அப்படியானால் ஏன் இன்னும் பிரெஞ்சு படிக்கிறீர்கள்?" இவள் சொன்ன பதில்: "அப்போது உங்களுக்காகப் படித்தோம். இப்போது எங்களுக்காகப் படிக்கிறோம்." இலக்கணத்தில் ஒரு பிழை இருந்ததாம், யாரும் திருத்தவில்லை.

அதன் பிறகுதான் அந்த வீட்டில் பேச்சு பெருகியது. பாட்டி தம் பள்ளி நாள்களில் மனப்பாடம் செய்த ஐந்து ஊர்களை ஒப்பித்தார்: புதுச்சேரி, காரைக்கால், ஏனாம், மாஹே, சந்திரநாகூர். அந்தக்காலப் பிரெஞ்சுப் பள்ளிகளில் இது வாய்ப்பாடு போன்றது. தோழியின் அண்ணனுக்கோ புதுச்சேரி என்றால் தேர்வுத்தாள். 1826இல் தொடங்கப்பட்ட நம் ஊர் பிரெஞ்சு லிசேயில் பள்ளியிறுதித் தேர்வு பல ஆண்டுகள் பிரான்சுக்கு முன்பே நடந்ததால், ‘பொந்திஷேரி வினாத்தாள்’ அங்குள்ள மாணவர்கள் பயிற்சிக்குப் பயன்படுத்தும் முதல் தாளாக இருந்தது. நாம் அவர்களைப் பற்றிப் படிப்பதுபோல், அவர்களும் நம் பெயரை வேறொரு வழியில் அறிந்திருக்கிறார்கள். சொல்ல ஏதாவது இருக்கும் குழந்தையிடம்தான் கேள்விகள் வரும். கேள்விகள் வந்தால்தான் மொழி வளரும்.

அவள் இங்கே வந்தபோது

மறு பிப்ரவரியில், குளிர்கால விடுமுறையில், அந்தத் தோழி பெற்றோருடன் ரெட்டியார்பாளையம் வந்தாள். இப்போது சிக்கல் தலைகீழ். அவள் ‘வேண்டாம்’ என்று உண்மையாகவே சொன்னாள்; இந்த வீட்டு அம்மா நான்காவது இட்லியை வைத்தார். தட்டில் இருப்பதை மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண் திணறித் திணறிச் சாப்பிட்டாள். என் மாணவிதான் குறுக்கிட்டாள்: "அம்மா, அவ போதும்னா போதும்தான்." தோழியிடம் திரும்பி, தட்டுக்கு மேல் கையை விரித்து மறைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தாள். இரண்டு வீட்டு வழக்கங்களையும் அறிந்து நடுவில் நின்று பேசியதுதான் அந்த ஒரு வாரத்தின் உண்மையான பயன் என்று நினைக்கிறேன்.

ஆவணங்களும் பாதுகாப்பும்

குறுகிய காலப் பயணத்துக்கு 90 நாள்கள் வரை செல்லும் ஷெங்கன் விசா போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு, பெற்றோரின் ஒப்புதல், தனி வீட்டில் தங்குவதானால் அக்குடும்பத்தார் தங்கள் ஊர் நகராட்சியில் பெற்றுத்தரும் சான்று ஆகியவை தேவை. அவசர உதவிக்கு 112, ஆபத்திலுள்ள குழந்தைகளுக்கு 119 என்ற எண்களை மாணவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். யாருடைய செயலாவது மனத்துக்கு ஒவ்வாவிட்டால் உடனே சொல்வதற்கு ஓர் ஆசிரியரின் எண்ணும் வேண்டும். ‘விருந்தாளி குறை சொல்லக் கூடாது’ என்ற பாடம் இங்கே பொருந்தாது என்பதைத் தெளிவாகச் சொல்லி அனுப்புவோம்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் தொடங்கி, விருந்து படைப்பவரின் கடமையை வகுப்பில் நிறையப் பேசுகிறோம். விருந்தாளியாக இருப்பதற்கும் பயிற்சி தேவை. வெளிநாடு போகாத மாணவருக்கும் அது உதவும். விடுதியில் சேரும் குழந்தை, முகாமுக்குப் போகும் சாரணர், வேறு மாவட்டத்தில் கல்லூரி சேரும் பெண் என எல்லாரும் முதல் வாரம் இதே கூச்சத்தோடுதான் பசித்திருக்கிறார்கள்.

1. தொடக்க வகுப்புகளில் தட்டும் கரண்டியும் வைத்து ‘வேணும், போதும்’ விளையாட்டு. ஒரு சுற்றில் ‘போதும்’ என்றால் வீட்டார் மீண்டும் வைக்க வேண்டும். மறு சுற்றில் வைக்கக் கூடாது. எது எப்படி இருந்தது என்று குழந்தைகளே சொல்லட்டும்.

2. நடுநிலை வகுப்புகளில், புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகளை எழுதவைக்கலாம். குளியலறை எங்கே, எத்தனை மணிக்கு எழ வேண்டும், எதில் உதவலாம் என்பவை போன்றவை.

3. உயர் வகுப்புகளில் ‘என் ஊர்’ பத்து வாக்கியங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். அதில் இரண்டாவது வெளியார் அறியாத செய்தியாக இருக்க வேண்டும்.

4. பயணம் போகும் மாணவருக்கு நாள்தோறும் மூன்று வரிக் குறிப்பு: இன்று கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று, புரியாதது ஒன்று. திரும்பியதும் ‘புரியாதது’ வரிசையை வகுப்பில் வைத்துப் பேசலாம்.

இவற்றில் முதல் விளையாட்டுக்கு இருபது நிமிடமும் நான்கு தட்டுகளும் போதும்.