திருமண ஒளிப்படத்துக்கு வாடகை லென்ஸ்

வாடகை லென்ஸ் என்பது கேமராவில் பொருத்தும் வில்லையை விலைக்கு வாங்காமல், குறிப்பிட்ட நாள்களுக்குக் கட்டணம் செலுத்திப் பெற்று, பயன்படுத்தியபின் திருப்பித் தரும் முறையாகும். தொழில்முறை ஒளிப்படக் கலைஞர்கள் மட்டுமன்றி, நண்பர் அல்லது உறவினர் திருமணத்தைப் படமெடுக்க முன்வரும் ஆர்வலர்களும் இம்முறையைப் பின்பற்றுகின்றனர். இக்கட்டுரை தென்காசி, குற்றாலம் பகுதியின் ஒளி, மழை, திருமண வழக்கங்கள் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகிறது.

தேவை

கேமராவுடன் சேர்த்து விற்கப்படும் 18–55 மி.மீ. லென்ஸ் பகல் வெளிச்சத்தில் நல்ல படங்களைத் தரும். ஆனால் கல்யாண மண்டபத்தின் உள்ளே, குறிப்பாகப் படத்தைப் பெரிதாக்கும்போது, அதன் திறப்பு பெரும்பாலும் எஃப் 5.6 அளவுக்குச் சுருங்கிவிடும். எஃப் 2.8 திறப்புள்ள லென்ஸ் அதைவிட 4 மடங்கு ஒளியை உள்ளே விடும். எஃப் 5.6 திறப்பில் 1/40 நொடி தேவைப்படும் காட்சியை, ஐஎஸ்ஓ மதிப்பை மாற்றாமலே, எஃப் 2.8 திறப்பில் 1/160 நொடியில் எடுத்துவிடலாம். முதலாவதில் தாலி கட்டும் கை மங்கலாகப் பதிய வாய்ப்புண்டு. இரண்டாவதில் தெளிவாகப் பதியும்.

இது புதிய சிக்கல் அன்று. ஒளிப்படக்கலையின் தொடக்க ஆண்டுகளில் மனிதர்கள் நெடுநேரம் அசையாமல் அமர வேண்டியிருந்தது. 1840-இல் யோசப் பெட்சுவால் வடிவமைத்த எஃப் 3.6 உருவப்பட லென்ஸ், அக்காலத்தின் பிற லென்சுகளைவிடப் பல மடங்கு ஒளியை உள்ளே விட்டு அந்த நேரத்தைக் குறைத்தது. இன்றும் அதே காரணத்துக்காகவே பெரிய திறப்புள்ள லென்ஸ் நாடப்படுகிறது. அதன் விலை கேமராவின் விலையையே மிஞ்சலாம் என்பதால், ஓரிரு நாள் தேவைக்கு வாடகையே பொருந்தும்.

தென்காசி, குற்றாலத்தின் சூழல்

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான தென்காசி மாவட்டம், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளது. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று, சூன் முதல் ஆகத்து வரை இங்கு சாரலைக் கொண்டுவருகிறது. ஆடியில் திருமணங்கள் பொதுவாக நடப்பதில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆனியிலும் பிந்தைய ஆவணியிலும் முகூர்த்தங்கள் உண்டு. எனவே இப்பகுதியின் பல திருமணங்கள் ஈரக்காற்றும் மேகமூட்டமும் உள்ள நாள்களில் நடக்கின்றன. மேகமூட்டம் முகங்களுக்கு மென்மையான ஒளியைத் தரும். ஈரமோ லென்சுக்குப் பகை.

இலஞ்சிக் குமாரர் கோயில் போன்ற இடங்களில் நடக்கும் திருமணங்களில், கல்மண்டபத்தின் நிழலும் வெளிப்புற வெயிலும் ஒரே சட்டகத்தில் சேர்ந்து ஒளியளவைக் கடினமாக்கும். கோயிலுக்குள் படமெடுக்க நிருவாகத்தின் அனுமதியை முன்னரே பெற வேண்டும். கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 திசம்பரில் உத்தரவிட்டது. எனவே கேமரா கைவசம் இல்லையென்றால் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கு நம்பியிருக்க முடியாது.

எந்த லென்ஸ்?

- 24–70 மி.மீ., எஃப் 2.8: மணமேடைக்கு அருகில் நின்று எடுப்பவருக்கு ஏற்றது. சடங்குகள், குடும்பக் குழுப்படங்கள் இரண்டுக்கும் பயன்படும்.
- 70–200 மி.மீ., எஃப் 2.8: மண்டபத்தின் நடுவிலிருந்து முகபாவங்களை எடுக்க உதவும். சுமார் ஒன்றரை கிலோ எடையுள்ளது. பழக்கமில்லாதவரின் கை விரைவில் சோர்ந்துவிடும்.
- 50 மி.மீ., எஃப் 1.8: விலையும் எடையும் குறைவு. இதை வாடகைக்கு எடுப்பதைவிட வாங்கிவிடுவதே பலருக்குச் சிக்கனம்.

சிறிய உணரி (ஏபிஎஸ்–சி) கொண்ட நிக்கான், சோனி கேமராக்களில் பார்வைக்கோணம் 1.5 மடங்கும், கேனானில் 1.6 மடங்கும் குறுகும். நிக்கானில் 50 மி.மீ. லென்ஸ், முழுச்சட்டக் கேமராவில் 75 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவையே காட்டும். சிறிய மண்டபத்தில் அது முழுக் குடும்பத்தையும் அடக்காது.

லென்ஸ் கேமராவில் பொருந்துமா என்பதே முதல் கேள்வி. கேனானின் இஎஃப் லென்சை ஆர்எஃப் கேமராவில் இணைப்பி கொண்டு பொருத்தலாம். ஆர்எஃப் லென்சைப் பழைய இஎஃப் கேமராவில் பொருத்த முடியாது. நிக்கான் டி3500, டி5600 போன்றவற்றில் குவிய மோட்டார் இல்லை. ஆகவே பழைய ஏஎஃப்–டி வகை லென்சுகள் அவற்றில் தானாகக் குவியாது. கையால்தான் குவிக்க வேண்டும். தாலி கட்டும் சில நொடிகளில் அது கைகொடுக்காது.

வாடகை நடைமுறை

முகூர்த்த நாள் எல்லாருக்கும் ஒன்றே. வளர்பிறை முகூர்த்தங்களில் தொழில்முறைக் கலைஞர்களும் அதே லென்சுகளைக் கேட்பதால், தேதி முடிவானவுடன் பதிவு செய்வது நல்லது. உள்ளூரில் கிடைக்காதவர்கள் சுமார் 55 கி.மீ. தொலைவிலுள்ள திருநெல்வேலியிலோ, சுமார் 160 கி.மீ. தொலைவிலுள்ள மதுரையிலோ விசாரிக்கலாம். அப்போது பயணச் செலவையும் நேரத்தையும் வாடகையுடன் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் அதிகாலை முகூர்த்தம் என்றால் ஒருநாள் வாடகை போதாது. ஒரு நாள் என்பது 24 மணி நேரமா, கடை மூடும் நேரம் வரையா என்று கேட்டுத் தெளிய வேண்டும். முன்பணம், சேதத்துக்கான கட்டணம், தாமதக் கட்டணம் ஆகியவற்றை எழுத்தில் பெறுவது நல்லது. அடையாளச் சான்று கேட்டால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைத் தரலாமா என்று கேட்கலாம்.

பெறும்போது சரிபார்த்தல்

1. கைவிளக்கை ஒரு முனையில் பிடித்து மறுமுனை வழியே பார்த்தால் கீறலும், சிலந்திவலை போன்ற பூஞ்சையும் தெரியும்.
2. குவிய வளையம், பெரிதாக்கும் வளையம் இரண்டும் தடையின்றிச் சுழல வேண்டும்.
3. சொந்தக் கேமராவில் பொருத்தி, முழுத் திறப்பில் அருகிலும் தொலைவிலும் சில படங்கள் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.
4. முன்மூடி, பின்மூடி, நிழற்குடை, பை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, தொடர் எண்ணுடன் லென்சைப் படமெடுத்து வைக்க வேண்டும். பின்னர் பழைய கீறலுக்குப் பழி வந்தால் இப்படமே சான்று.

மண்டபத்தில் கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் மின்னோட்டம் 50 எர்ட்சு என்பதால் சில எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். மிக விரைவான வேகத்தில் எடுத்தால் படத்தில் பட்டைகள் விழலாம். 1/100 நொடி இதைப் பெரிதும் குறைக்கும். அசைவு மிகுந்த கணத்துக்கு எந்த வேகம் ஒத்துவரும் என்பதை முதல்நாள் மாலையே சோதித்துக்கொள்ள வேண்டும்.

பெரிய திறப்பை எப்போதும் முழுமையாகத் திறந்து வைப்பது புதியவர்கள் செய்யும் தவறு. எஃப் 1.8 திறப்பில் அருகிலிருந்து எடுத்தால் மணமகள் தெளிவாகவும் ஓரடி பின்னால் உள்ள மணமகன் மங்கலாகவும் பதிவார்கள். இருவருக்கு எஃப் 4, வரிசையாக நிற்கும் குடும்பத்துக்கு எஃப் 5.6 என்பது நல்ல தொடக்கம். கெட்டிமேளம் ஒலித்ததும் அனைவரும் எழுந்து அட்சதை தூவுவார்கள். தொலைவில் நிற்பவருக்குக் காட்சி மறைந்துவிடும். நிற்கும் இடத்தை அதற்கு முன்பே பிடித்துக்கொள்ள வேண்டும்.

சாரலும் அருவியும்

குளிரூட்டிய அறையிலிருந்து ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்தால் கண்ணாடியில் நீர் பனிக்கும். மூடிய பையிலேயே அரைமணி நேரம் வைத்து, வெளி வெப்பநிலைக்கு வந்தபின் எடுக்க வேண்டும். நனைந்த லென்சைப் பையில் பூட்டி வைத்தால் பூஞ்சை வளர வழியாகும்; உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைக்க வேண்டும். துடைக்கும் முன் காற்றுக்குமிழால் தூசியை நீக்காவிட்டால் கீறல் விழும்.

திருமணம் முடிந்து உறவினர்கள் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் குளிக்கக் கிளம்பும்போது வாடகை லென்சும் உடன் செல்வதுண்டு. அருவித் திவலை மழையைவிட நுண்ணியது. காற்றோடு எங்கும் புகும். ஈரத்தடுப்பு உள்ள லென்ஸ் என்றாலும் அது நீர் புகாத லென்ஸ் ஆகாது. அருவிக்கரைக்குச் சொந்த லென்சோ கைப்பேசியோ போதும்.

சட்டமும் பொறுப்பும்

வாடகைப் பொருளுக்கு 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பொருந்தும். வாடகைக்குத் தந்த பொருளில் இருந்த குறையால் பாதிப்பு ஏற்பட்டால், அக்குறையை அறிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் தந்தவரே பொறுப்பு (பிரிவு 150). பெற்றவர், சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் பொருளைக் காப்பதுபோல் அதைக் காக்க வேண்டும் (பிரிவு 151). அவ்வாறு காத்தும் சேதமடைந்தால், தனி ஒப்பந்தம் இல்லாதவரை அவர் பொறுப்பாகமாட்டார் (பிரிவு 152). ஆனால் "எல்லாச் சேதத்துக்கும் வாடிக்கையாளரே பொறுப்பு" என்ற வரியில் கையெழுத்திட்டிருந்தால் நிலைமை மாறும். உரிய காலத்தில் திருப்பித் தராவிட்டால், அதன்பின் நேரும் இழப்பு பெற்றவரைச் சாரும் (பிரிவு 161).

படங்களின் உரிமை வேறு செய்தி. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லையெனில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்தின் முதல் உரிமையாளர். நட்புக்காக இலவசமாக எடுத்தால் எடுத்தவருக்கே உரிமை. ஆயினும் மணமக்களைக் கேட்காமல் படங்களைப் பொதுவெளியில் இடுவது நட்புக்கு அழகன்று.

நண்பரின் திருமணம்

திருமணம் மீண்டும் நடத்திப் படமெடுக்கக்கூடிய நிகழ்ச்சி அன்று. லென்ஸ் எவ்வளவு சிறந்ததாயினும் அனுபவக் குறையை அது ஈடுசெய்யாது. ஆகவே முதன்முறை எடுப்பவர், முதன்மை ஒளிப்படக் கலைஞர் ஒருவர் இருக்கும் திருமணத்தில் துணையாக எடுப்பதே பாதுகாப்பானது. ஒரே ஆளாக எடுக்க நேர்ந்தால் தம் அனுபவ அளவை மணவீட்டாரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். படமெடுப்பவர் பந்தியில் நிம்மதியாக அமரவும் முடியாது என்பதை அவரும் உணர்ந்திருக்க வேண்டும்.

மாற்று மின்கலம், இரண்டு நினைவக அட்டைகள், பழைய லென்ஸ் ஆகியவை பையில் இருப்பது அவசியம். வாடகை லென்ஸ் நடுவில் பழுதானால் பழைய லென்சே சடங்கை முடித்துத் தரும். வாடகை லென்சைத் திருப்பித் தருமுன் படங்களை இரண்டு இடங்களில் பிரதியெடுத்து, திறந்து சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.